கழுத்தில் பாய்ந்த இரும்புச் சில் நெஞ்சுக்குப் போகுமா?

கேள்வி: என் தம்பி பட்டறையில் உளியைச் சுத்தியலால் அடித்தபோது தெறித்த இரும்புச் சில் ஒன்று அவன் கழுத்தில் பாய்ந்துவிட்டது. முதல் எக்ஸ்-ரேயில் கழுத்தில் இருந்த சில், மறுநாள் எடுத்த படத்தில் நெஞ்சில் தெரிகிறது. படம் மாறிப்போயிருக்குமா? – வாசகர், அம்பத்தூர்

பதில்: படத்திலுள்ள பெயரையும் தேதியையும் ஒருமுறை சரிபாருங்கள், ஆனால், சில் உண்மையிலேயே இடம் மாறியிருக்கக்கூடும் என்பதால் இன்றே இதய அறுவைச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது. இரண்டு படங்களையும் கையோடு கொண்டுபோங்கள்.

கழுத்துச் சிரை என்ற இரத்தக் குழாய்க்குள் புகுந்த சில், இதயத்தை நோக்கி ஓடும் இரத்தத்தோடு சேர்ந்து போகும். அந்த வழி போகப் போக அகலமாகும் என்பதால், இதயத்தின் வலப்பக்க அறைகளையோ, அதைத் தாண்டி நுரையீரல் தமனியையோ அடைந்த பிறகுதான் அது சிக்கி நிற்கும். துப்பாக்கிக் குண்டுகளிலும் இது நடப்பதுண்டு: குண்டு நுழைந்த காயம் இருந்து, வெளியேறிய காயம் இல்லாமல், அந்த இடத்துப் படத்திலும் குண்டு தென்படாவிட்டால், மருத்துவர்கள் உடல் முழுவதையும் படம் எடுத்துத் தேடுவார்கள். 1834இலேயே தாமஸ் டேவிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஒரு சிறுவனின் உடலில் பாய்ந்த மரத்துண்டு இதயத்தின் வலப்பக்கத்தை அடைந்திருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்.

இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியில் புகுந்தால் நிலைமை வேறு. தமனி குறுகிக்கொண்டே போவதால் துண்டு அடைத்துக்கொள்ளும். காலுக்குப் போனால் கால் வெளுத்துச் சில்லிட்டு, அங்கே நாடி நின்றுவிடும், மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். சிரைவழி வந்த துண்டுகூட, பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இதய மேலறைகளுக்கிடையே மூடாமல் இருக்கும் சிறு துளை வழியாக, அரிதாக இடப்பக்கம் தாண்டிவிடும்.

தம்பிக்கு வலியோ மூச்சுத்திணறலோ இல்லையென்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். சிரைவழி போன துண்டு பல நேரம் எந்த அறிகுறியையும் காட்டாது. சி.டி. ஸ்கேனும் எக்கோவும் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம்) சில் இருக்கும் இடத்தைக் காட்டும். தொடையிடுக்குச் சிரை வழியே கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்திக் கண்ணியிட்டு எடுப்பதா, நெஞ்சைத் திறப்பதா, எடுக்காமல் கண்காணிப்பதா என்பதை மருத்துவர்கள் முடிவு செய்வார்கள். எடுப்பதற்குச் சற்று முன்பும் ஒரு படம் எடுப்பார்கள், அதற்குள் அது மறுபடி நகர்ந்திருக்கலாம் என்பதால். சில் உள்ளே இருக்கும்வரை எம்.ஆர்.ஐ. கூடவே கூடாது, இரும்பைக் காந்தம் இழுத்துவிடும்.

அந்த உளியையும் எடுத்துப் பாருங்கள். தலை அடிபட்டு அடிபட்டுக் காளான்போல விரிந்து, ஓரத்தில் பிசிறு நின்றால், தெறித்தது அதுவாகத்தான் இருக்கும். அதைச் சாணை பிடித்துச் சமன்செய்யாமல் இன்னொருவர் கையில் கொடுக்காதீர்கள்.