வாசகர் கேள்வி பதில்: கலர் அடிச்சா அது அறிவியல் படமா?

கேள்வி: 'சேவ் அவர் எர்த், லெட்ஸ் கோ கிரீன்'னு ஒரு போட்டோ பார்த்தேன். பச்சை உருண்டை ஒண்ணை மெல்லிசு விரல்கள் மாதிரி எதுவோ சுத்திப் புடிச்சிருக்கு. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படம், அறிவியல் போட்டியில முதல் பரிசுனு போட்டிருந்தாங்க. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல கருப்பு வெள்ளைதானே வரும்? அப்புறமா கலர் அடிச்சு பரிசு வாங்குறது ஏமாத்து வேலை இல்லையா?
(கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருத்தர், கோவில்பட்டி)

பதில்: கலர் அப்புறமா அடிச்சதுதான் சார், அதுல நீங்க சொல்றது சரி. ஏமாத்துங்கிறதை மட்டும் என்னால ஒத்துக்க முடியல.

அமெரிக்காவோட தேசிய அறிவியல் அறக்கட்டளையும் 'சயின்ஸ்' பத்திரிகையும் சேர்ந்து 2003ல ஆரம்பிச்ச போட்டி அது, அறிவியலையும் இன்ஜினியரிங்கையும் கண்ணுக்குக் காட்டுற போட்டோ, ஓவியம், வீடியோ இதுக்கெல்லாம் பரிசு குடுப்பாங்க. நீங்க பார்த்தது 2009ல போட்டோ பிரிவுல ஜெயிச்சது. ஹார்வர்டுல ஜோனா ஐசன்பெர்க், சங் ஹூன் காங், போவாஸ் போக்ராய் மூணு பேரும் சேர்ந்து எடுத்தது. அந்த உருண்டை வெறும் 2 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள்ள 500 உருண்டையை வரிசையா வச்சிடலாம். விரல் மாதிரி தெரியுறது எப்பாக்ஸி பிசின்ல செஞ்ச இழைங்க, பிரஷ் முடி மாதிரி நட்டமா நிக்கும். தலைக்குக் குளிச்சிட்டு வந்தா முடி காயக் காய கத்தை கத்தையா ஒட்டிக்குமே, அதேதான் இங்கயும், திரவம் ஆவியாகும்போது இழையோட நுனியெல்லாம் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு நடுவுல மாட்டுன உருண்டையை அப்படியே வளைச்சுப் புடிச்சுக்குது. யாரும் கையால வளைக்கல, தானா நடந்தது. அந்தப் படத்துல இருக்கிற விஷயம் இதுதான், உருண்டை பச்சையா இருக்குங்கிறது இல்ல. எது உருண்டை, எது இழைனு பார்த்தவுடனே பிரிச்சுக் காட்டத்தான் கலர்.

அதைவிட முக்கியமா ஒண்ணு இருக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியுற ஒளியோட அலைநீளமே சுமாரா 400லேர்ந்து 700 நானோமீட்டர். கொரோனா வைரஸ் 100 நானோமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். ஒளியோட அலையை விட சின்னதா இருக்கிற ஒண்ணுக்கு "நிஜக் கலர் என்ன"னு கேக்குறதுலயே அர்த்தம் இல்லாம போயிடுது. 2020ல சாம்பல் கலர் உருண்டையில செவப்பு முள்ளா ஒரு படம் உலகம் பூரா சுத்துச்சே, அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்துல அலிசா எக்கர்ட்டும் டான் ஹிக்கின்ஸும் உருவாக்குனது, அந்தச் செவப்பு அவங்க தேர்ந்தெடுத்ததுதான். ஆனா முள் எப்படி இருக்கும்ங்கிறது ஆராய்ச்சியில கிடைச்ச தகவல். சென்னையில ஒரு போலீஸ்காரர் கொரோனா ஹெல்மெட் மாட்டிக்கிட்டு ரோட்டுல நின்னப்போ யாருக்கும் அது என்னனு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கல, ஒரு நல்ல படம் செய்யுற வேலை அது சார்.

என்னைக் கேட்டா, உருவத்தை மாத்துனாதான் பொய். கலர் சேர்த்திருந்தா சேர்த்தோம்னு படத்துக்குக் கீழ ஒரு வரி எழுதிடணும், அது இல்லாம போட்டா எனக்கும் கோவம் வரும்.

கேள்வி: என் பொண்ணு பி.எஸ்சி. ஜுவாலஜி ரெண்டாவது வருஷம். எந்நேரமும் வரைஞ்சுக்கிட்டே இருக்கா, படிப்பு கெட்டுடுமோன்னு பயமா இருக்கு.
(ஒரு அம்மா, மயிலாடுதுறை)

பதில்: தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்கம்மா. கலிஃபோர்னியாவுல டேவிட் குட்செல்னு ஒருத்தர், முழுநேர விஞ்ஞானி, வாட்டர்கலர்ல வைரஸும் செல்லும் வரையுறவர். ஒவ்வொரு புரோட்டீனோட அளவு, வடிவம் எல்லாத்தையும் ஆராய்ச்சிக் கட்டுரைல தேடி எடுத்துட்டுதான் பிரஷ்ஷையே தொடுவார், பெரும்பாலும் பத்து லட்சம் மடங்கு பெருசாக்கி வரைவார். அவரோட எபோலா ஓவியத்துக்கு 2016ல இங்கிலாந்தோட வெல்கம் பட விருதுல முதலிடம் கிடைச்சுது. அந்த எபோலா, நூல் மாதிரி, 80 நானோமீட்டர் சுமாருக்குத் தடிமன், பத்து லட்சம் மடங்குன்னா பேப்பர்ல 8 சென்டிமீட்டர் வரும். அந்த அளவுல எந்த இடத்தையும் காலியா விட முடியாது, அங்க என்ன இருக்குனு தெரிஞ்சே ஆகணும்! வரையுறதே படிப்புதான்மா.

போட்டின்னு பார்த்தா நிகான் கம்பெனியோட ஸ்மால் வேர்ல்டு 1975லேர்ந்து வருஷா வருஷம் நடக்குது, சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப்ல எடுத்த படம்தான் கேக்குறாங்க, அதனால காலேஜ் லேப்லயே முயற்சி பண்ணலாம். அதுக்கு முன்னாடி வீட்டு வாசல்ல இருக்கிற செம்பருத்தியை பிளேடால நீளவாக்குல வெட்டி வரையச் சொல்லுங்க. மகரந்தத் தாளெல்லாம் ஒட்டி ஒரு குழாயாகி, அதுக்குள்ள சூல்தண்டு ஓடி, நுனியில அஞ்சா பிரிஞ்சு நிக்கும், வெட்டிப் பார்த்தாதான் அந்தக் குழாய் புரியும். வரைஞ்சதை எங்களுக்கும் ஒரு காப்பி அனுப்பச் சொல்லுங்கம்மா, இதே பக்கத்துல போடறோம்.