சாஃப்ட்வேர் தவறவிட்டால் ஸ்கேன் சென்டர் பொறுப்பில்லையா?

கேள்வி: விடாத இருமலுக்காக என் அம்மாவுக்குத் தஞ்சாவூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம். ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் தந்தார்கள். ஐந்து மாதம் கழித்து வேறு மருத்துவமனையில் சிடி எடுத்தபோது நுரையீரலில் கட்டி. பழைய எக்ஸ்ரேயிலேயே நிழல் தெரிகிறது என்கிறார் அங்குள்ள டாக்டர். ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் ‘ஏஐ உதவியுடன் தயாரிக்கப்பட்டது’ என்றிருக்கிறது. கேட்டால், “சாஃப்ட்வேர் காட்டவில்லை, நாங்கள் என்ன செய்ய?” என்கிறார்கள். வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். நீங்கள் பணம் கட்டியது சென்டரிடம். ரிப்போர்ட்டில் கையெழுத்திட்டவர் ஒரு டாக்டர். பழியை சாஃப்ட்வேர் மேல் போட்டுவிட்டு இருவரும் ஒதுங்க முடியாது. கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று வி.பி. சாந்தா வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2023-இல் வெளியிட்ட ஏஐ நெறிமுறைகளும் மனித மேற்பார்வை வேண்டும் என்கின்றன. அவை சட்டம் இல்லைதான், ஆனால் வாதத்துக்கு வலு சேர்க்கும்.

அந்தப் படத்தை ஒரு ரேடியாலஜிஸ்ட் (எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் தரும் டாக்டர்) உண்மையிலேயே பார்த்தாரா என்பதில்தான் வழக்கே இருக்கிறது. அதனால் இன்றே அம்மாவின் பெயரில் சென்டருக்கு, சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பிரிண்ட் போதாது, எக்ஸ்ரேயின் அசல் டைகாம் கோப்பு (மெஷின் பதிவுசெய்த டிஜிட்டல் படம்) வேண்டும். சாஃப்ட்வேர் தந்த முடிவு, படம் எடுத்த நேரம், ரிப்போர்ட்டில் கையெழுத்தான நேரம் எல்லாவற்றையும் கேளுங்கள். படம் எடுத்ததற்கும் கையெழுத்தானதற்கும் நடுவே ஓரிரு நிமிடம்தான் என்றால் சென்டர் நிறைய விளக்க வேண்டியிருக்கும். சாஃப்ட்வேர் குறித்துக் காட்டியும் டாக்டர் தள்ளிவிட்டிருக்கவும் கூடும். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதி.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நிழலைத் தவறவிட்டதே கவனக்குறைவு ஆகிவிடாது. கட்டி இருப்பது தெரிந்தபின் பார்த்தால் யார் கண்ணுக்கும் அது படும். எனவே சிடி விவரம் எதையும் சொல்லாமல், பழைய எக்ஸ்ரேயை மட்டும் வேறொரு ரேடியாலஜிஸ்டிடம் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள். ஐந்து மாதத் தாமதத்தால் நோய் எவ்வளவு முற்றியது என்று புற்றுநோய் மருத்துவரும் எழுதித் தர வேண்டும். இழப்பீட்டுத் தொகை பெரும்பாலும் இதில்தான் நிற்கும்.

ஏஐ பயன்படுத்துவதை அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லாதது பெரிய தவறு என்பேன். அதற்காக மட்டும் பெரிய தொகை கிடைக்காது. ஆனாலும் சேவைக் குறைபாடாக மனுவில் சேருங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். பரிசோதனைக்குக் கட்டியது 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் கிடையாது. கோப்பு அழிந்துவிட்டது என்று சென்டர் சொன்னால், அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.