அத்தை மகளும் சித்தி மகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘சிவப்பு மாளிகைக் கனவு’ சீன நாவலை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்க ஆசை. டேவிட் ஹாக்ஸ் பதிப்பில் பணிப்பெண்ணின் பெயர் அரோமா. யாங் தம்பதி பதிப்பில் ஷீரென். எதைப் பின்பற்றலாம்? பெயரும் உறவுமுறையும் சின்ன விஷயம்தானே, கதை வந்தால் போதாதா?

கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

இவ்வளவு பெரிய நாவலைத் தமிழுக்குக் கொண்டுவர நினைக்கிறீர்களே, அந்த மனசுக்கு வணக்கம். ஆனால் உங்கள் கடைசி வரியை நம்பிக்கொண்டு வேலையைத் தொடங்காதீர்கள்.

இரண்டு பதிப்பையும் வாங்கிவிடுங்கள். ஹாக்ஸ் முதல் 80 அத்தியாயங்களையும் ஜான் மின்ஃபோர்ட் மீதி 40ஐயும் செய்தார்கள். ஹாக்ஸ் பணிப்பெண்களின் பெயரைப் பொருள்பெயர்த்தார், எஜமானர்களுக்குச் சீன ஒலியையே விட்டார். பெயரைப் பார்த்ததுமே யார் வேலைக்காரி என்று தெரிந்துவிடும். 6ஆம் அத்தியாயத்தில் லியூ பாட்டி, ‘முயல்வது மனிதர் கையில், முடிவது வானத்தின் கையில்’ என்கிறாள். யாங் தம்பதி வானத்தை வானமாகவே விட்டார்கள். ஹாக்ஸ் அங்கே கடவுளை வைத்தார். அந்த ஒரு சொல்லில் சீனத்துக் கிராமத்துக் கிழவி சர்ச்சுக்குப் போகிறவளாகிவிட்டாள்.

பெயராவது பரவாயில்லை. உறவுமுறையைச் சின்ன விஷயம் என்றீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கதாநாயகன் பாவ்யூவுக்குத் தாய்யூ அத்தை மகள், பாவ்சாய் சித்தி மகள். ஆங்கிலத்தில் இருவருமே ‘கசின்’. 20ஆம் அத்தியாயத்தில் தாய்யூ கோபித்துக்கொள்ளும்போது பாவ்யூ சொல்லும் சமாதானமே இதுதான்: நீ அத்தை வழி, அவள் சித்தி வழி, முறைப்படி அவள் உன்னைவிடத் தள்ளித்தான். ஆங்கிலத்தில் இதை விளக்கித்தான் சொல்லவேண்டும். தமிழில் இரண்டே சொல்.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்குச் சித்தி மகள் தங்கையோ அக்காவோதான். பாவ்யூவுக்கு மணம் முடிப்பதோ பாவ்சாயை! சீனத்தில் இரண்டுமே மணமுறை. வாசகர் முகம் சுளிப்பாரே என்று பாவ்சாயை மாமன் மகளாக்கிவிடாதீர்கள். இருவருக்கும் நடுவே உள்ள தூரமே அழிந்துபோகும், தாய்யூவின் பொறாமை வெறும் சிடுசிடுப்பாகிவிடும். பாவ்சாய் வீட்டுக்குள் வரும் 4ஆம் அத்தியாயத்திலேயே, அந்த ஊரில் இதுவும் கட்டும் முறை என்பதைக் கதையோட்டத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அடிக்குறிப்பு வேண்டாம்.

முதலில் ஒரு பெரிய தாளில் வம்சப்படம் போடுங்கள். யார் மூத்தவர், யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று குறியுங்கள். பாவ்சாய் பாவ்யூவுக்கு மூத்தவள், தாய்யூ இளையவள். ‘கசின்’ இதையும் விழுங்கிவிடும். அது முடிந்ததும் 20ஆம் அத்தியாயத்தை மட்டும் தமிழாக்கி அனுப்புங்கள், பார்க்கிறேன்.