காய் நறுக்க லேடீஸ் மட்டும்தானா?

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மாதம் இரண்டு சனிக்கிழமை ஊழியர்களே சேர்ந்து சமைத்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாம் என்று நிர்வாகம் சொல்லியிருக்கிறது. கேன்டீனில் மிஞ்சும் சாப்பாடு, உழவர் சந்தையில் விற்காமல் நிற்கும் காய்கறி இரண்டையும் பயன்படுத்துவதாகத் திட்டம். மதியம் மிஞ்சியதை ராத்திரி கொடுத்தால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்பதும் முடிவாகவில்லை. இதற்கு நடுவில், "காய் நறுக்க லேடீஸ் எல்லாம் வந்துடுங்க" என்று வாட்ஸ்அப்பில் மெசேஜ். வாரம் முழுக்க வீட்டில் அதைத்தான் செய்கிறேன். முணுமுணுத்தால், "நல்ல காரியத்துல இப்படிப் பேசலாமா?" என்கிறார்கள். என்ன செய்வது? 50 பேருக்குச் சாம்பார் சாதம் செய்ய அளவும் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, கடலூர்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கூச்சப்பட்டுக் கேட்டிருக்கும் விஷயத்திலிருந்தே வருகிறேன். நல்ல காரியத்திலும் அப்படிப் பேசலாம். விருப்பப்பட்டு வருவதற்குத்தான் தன்னார்வம் என்று பெயர். வராதவர் பெயரைக் குறித்துவைத்துக்கொண்டு அப்ரைசலின்போது முகம் சுளிக்கிற மேலாளர் இருந்தால், அது சம்பளமில்லாத ஓவர்டைம். வேலைகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடச் சொல்லுங்கள். வெங்காயம் உரிப்பது, அண்டா தேய்ப்பது, சந்தைக்கு வண்டி எடுத்துப் போவது, பரிமாறுவது, கடைசியில் இடத்தைக் கழுவிவிடுவது எல்லாம் அதில் இருக்கட்டும். பேனர் பிடிப்பது மட்டும் வேண்டாம். சாப்பாட்டுத் தட்டோடு ஒருவரை நிற்கவைத்துப் போட்டோ எடுக்கக் கூடாது என்பதையும் முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இனி உங்கள் பயம். அது நியாயமான பயம். மதியம் வடித்த சோற்றை ராத்திரி ஏழரைக்குக் கொடுக்கவே கூடாது. ஊசிப்போன சாம்பாரைக் கண்டுபிடிக்கலாம். கரண்டியைத் தூக்கினால் நூல் விடும், புளித்த வாடை வரும். சோறு அப்படிக் காட்டிக்கொடுக்காது. பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா. அதன் வித்துகள் கொதியிலும் சாகாமல் சோற்றோடு தங்கிவிடும். சோறு ஆறி வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி. "நல்லா சூடு பண்ணிக் குடுத்துடலாம்" என்று கேன்டீன்காரர் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள்.

வீட்டுப் பானையைவிட அண்டாவில் இந்த ஆபத்து அதிகம். மேலே கை வைத்தால் ஆறியிருக்கும், நடுவில் கையை விட்டால் மணிக்கணக்கில் இளஞ்சூடு. மூடி வைத்தால் ஆவி வேர்த்துத் திரும்பச் சோற்றிலேயே சொட்டும். சமைத்த சாப்பாடு ஒன்று 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் வெளியே இருந்தால் இரண்டு மணி நேரம்தான் கணக்கு. கடலூர் மே மாதத்தில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் அரைத்துவிட்ட குருமா, சட்னி என்றால் அதற்கும் பொறுக்காது.

அதனால் கேன்டீன் மிச்சத்தைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். மிஞ்சிய சாப்பாட்டை வாங்கி விநியோகிப்பதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் தனி விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. அந்த வேலையைச் செய்கிற அமைப்புக்குப் பதிவு வேண்டும். அப்படிப் பதிவு பெற்றவர்கள் மதியப் பந்தி முடிந்த கையோடு வந்து சூடாக எடுத்துப் போனால் கொடுக்கலாம். (வாராவாரம் அண்டா கணக்கில் மிஞ்சுகிற கேன்டீனில் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. காலையிலேயே டோக்கன் வாங்கி எண்ணி உலை வைத்தால் பாதி மிஞ்சாது. கணக்குப் பிரிவில் இருக்கிற நீங்களே இதை எடுத்துச் சொல்லலாம்.)

காய்கறி அப்படியில்லை. அன்று மிஞ்சியதை அன்றே வாங்கி, அன்றே சமைத்து, அடுப்பிலிருந்து இறக்கியதும் பரிமாறிவிடலாம். உழவர் சந்தையில் கடை கட்டுகிற நேரத்துக்குப் போங்கள். வீட்டுக்குத் திருப்பித் தூக்கிப்போக மனமில்லாமல் கத்தரிக்காய், பூசணி, முள்ளங்கியைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். விலை கொடுத்தே வாங்குங்கள். விவசாயியும் வசதிக்காரர் இல்லை. சொத்தைக் கத்தரிக்காயை வெட்டித் தள்ளிவிட்டு மீதியைச் சேர்க்கலாம். பூஞ்சை பிடித்த தக்காளி, பச்சை பாய்ந்து முளைவிட்ட உருளைக்கிழங்கு ஆகாது. துறைமுகத்தில் யாராவது மிஞ்சிய மீனைச் சும்மா கொடுத்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது.

யாருக்கு என்பதை, எந்த வேளைச் சாப்பாடு யாருக்குக் கிடைப்பதில்லை என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பெரிய கோயில்களில் 2002 முதல் அன்னதானத் திட்டம் நடக்கிறது, அது பெரும்பாலும் மதியத்துக்கு. அந்த வாசலிலேயே நீங்களும் மதியம் போய் நின்றால் ஒரே ஆளுக்கு இரண்டு பொட்டலம் சேரும், ஒன்று குப்பைக்குப் போகும். மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்கு ஒரு நாள் சாயங்காலம் போய்ப் பாருங்கள். உள்நோயாளிக்குச் சாப்பாடு உண்டு, பக்கத்தில் துணைக்கு இருக்கிற அம்மாவுக்கோ மகளுக்கோ கிடையாது. கையில் இருக்கும் காசு மருந்துக்கும் பஸ்ஸுக்கும் போய்விடும், ராத்திரிக்கு டீயும் பன்னும்தான். இன்னொரு இடமும் உண்டு. அரசு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் மதிய உணவும் பள்ளி நாளில்தான். சனிக்கிழமை லீவு என்றால் அந்த இரண்டு வேளையும் வீட்டுத் தலையில். உங்கள் கம்பெனிக்குப் பக்கத்துக் குடியிருப்புகளில் விசாரித்தாலே தெரியும். எங்கே போனாலும் முன்கூட்டியே பேசி, எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு உலை வையுங்கள்.

மழைக்காலத்திலோ ஆள் சேராத வாரத்திலோ சமைத்தே ஆகவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். நம் மாவட்டத்திலேயே வடலூரில், வள்ளலார் 1867-ல் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை எரிகிறது. யார், எவர், எந்த ஊர் என்று கேட்காமல் சோறு போடுகிற இடம். வாங்கிய அரிசியையும் காயையும் அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்துவிடலாம்.

அளவு கேட்டீர்களே. 50 பெரியவர்களுக்கு அரிசி 5 கிலோ, துவரம்பருப்பு ஒன்றேமுக்கால் கிலோ, காய் எல்லாம் சேர்த்து 5 கிலோ, தக்காளி 1 கிலோ, சின்ன வெங்காயம் 1 கிலோ, புளி 350 கிராம், எண்ணெய் அரை லிட்டர். பருப்பு முக்கால் பதம் வெந்த பிறகு அரிசியைப் போடுங்கள். ஆற ஆற இறுகும் என்பதால் இறக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும். பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்காரர்களும் சாப்பிடுவதால் மிளகாய்த்தூளை அள்ளிப் போடாதீர்கள்.