பெட்டியில் உள்ள பேரடை ஐபீஸில் ஏன் தெரியவில்லை?

திருநெல்வேலி வாசகர் ஒருவர் 70 மி.மீ. முகப்பு வில்லையும் 700 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட தொலைநோக்கி ஒன்றை வாங்கியிருக்கிறார். நிலவும் வியாழனும் தெளிவாகத் தெரிகின்றனவாம். ஆனால் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் என்ஜிசி 1365 என்ற பட்டைச் சுருள் விண்மீன் பேரடையின் (நடுவே விண்மீன்களாலான பட்டையும் அதிலிருந்து கிளம்பும் சுருள் கரங்களும் கொண்ட பெரும் விண்மீன் தொகுதி) பட்டையோ சுருள் கரங்களோ மொட்டைமாடியிலிருந்து தெரியவே இல்லை என்கிறார். கருவி பழுதா, அல்லது விற்பனையாளர் சொல்வதுபோல் 4 மி.மீ. ஐபீஸும் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) மூன்று மடங்கு பார்லோ லென்ஸும் (உருப்பெருக்கத்தைக் கூட்டும் துணை வில்லை) வாங்கினால் தெரியுமா என்று கேட்கிறார்.

நிலவும் வியாழனும் தெளிவாகத் தெரியும் கருவியில் பழுது இல்லை. அந்த 4 மி.மீ. ஐபீஸையும் பார்லோ லென்ஸையும் தயவுசெய்து வாங்க வேண்டாம்.

என்ஜிசி 1365 ஏறத்தாழ 6 கோடி ஒளியாண்டு தொலைவில், ஃபோர்னாக்ஸ் பேரடைக் கொத்தில் இருக்கிறது. நம்மை வந்தடையும் அதன் சொற்ப ஒளியும், நிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வானில் பரவிக் கிடக்கிறது. உருப்பெருக்கத்தை இரட்டித்தால் இந்த ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவி, ஒவ்வோர் இடத்திலும் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது; ஒரே கரண்டி மாவைப் பெரிய தோசையாக இழுக்க இழுக்க அது மெலிவதைப் போன்றதுதான் இது. விற்பனையாளர் சொல்லும் கூட்டணி 525 மடங்கு பெரிதாக்கும். முகப்பு வில்லையின் மில்லிமீட்டர் அளவைப் போல இரு மடங்குதான் பயனுள்ள உச்சம் என்பதால், உங்கள் கருவிக்கு 140-க்கு மேல் எதுவும் பயனில்லை. அந்த 525 என்ற எண்ணைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டு, ஒளியைத் திரட்டும் வில்லையின் அளவை மூலையில் ஒளித்துவைக்கும் வணிகத்தைத் தட்டிக்கேட்க ஆளில்லாததுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆசையோடு வாங்கும் எத்தனையோ பிள்ளைகள் ஒரே மாதத்தில் கருவியைப் பரண்மேல் போட்டுவிடுவதற்கு இந்த ஏமாற்றுதான் காரணம்.

நீங்கள் பார்த்த படம் வேறு வகையானது. இத்தகைய படங்களை, சிலி நாட்டின் பரனல் மலையில் 8.2 மீட்டர் ஆடி கொண்டிருப்பவை போன்ற பெரிய தொலைநோக்கிகள் நெடுநேரம் ஒளி திரட்டி எடுக்கின்றன. பட்டையின் நெடுகே ஓடும் இருண்ட தூசிக் கோடுகளும், அவ்வழியே மையத்தை நோக்கி இழுக்கப்படும் வளிமமும், அங்கே பிறக்கும் புதிய விண்மீன்களும் அப்படித்தான் பதிவாயின. மங்கிய ஒளியில் மனிதக் கண் நிறத்தைப் பிரித்தறியாது என்பதால், நீலக் கரங்களும் பொன்னிற மையமும் எந்த ஐபீஸிலும் தெரியப்போவதில்லை.

உங்களிடம் உள்ள 25 மி.மீ. ஐபீஸ் போதும். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் இரவு ஒன்பதரை மணியளவில் இந்தப் பேரடை உங்கள் ஊரில் தெற்கே சுமார் 45 பாகை உயரத்தில் நிற்கும். நிலவில்லாத இரவில் நகர வெளிச்சத்தை விட்டு விலகிச் சென்று, இருபது நிமிடமாவது கண்ணை இருட்டுக்குப் பழக்கி, நேராகப் பார்க்காமல் சற்றே பக்கவாட்டில் பார்த்தால் ஒரு மங்கலான திட்டு தென்படலாம். பட்டை நீண்ட மங்கலாகத் தெரிய 200 மி.மீ. ஆடியும், கரங்களின் வளைவைப் பிடிக்க 300 மி.மீ. ஆடியும், நல்ல இருளும் வேண்டும். அந்த இருளைத்தான் நாம் வீணடிக்கிறோம்: லடாக்கின் ஹான்லேயில் 2022-இல் இருள்வானக் காப்பகம் அமைக்க முடிந்த நாட்டில், தெருவிளக்கின் ஒளி மேலே போகாமல் ஒரு மூடி போட உள்ளாட்சிகளுக்கு இன்னும் மனம் வரவில்லை.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அது தெற்குக் கோடியில் இருக்கும் உங்களுக்கு வாய்த்தது. பெரிய மெகல்லன் மேகம் என்பதும் பட்டை கொண்ட பேரடைதான். ஆனால் அது ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டு தொலைவிலேயே இருப்பதால் அதன் பட்டையைப் பார்க்கக் கருவியே தேவையில்லை. அது விண்ணின் தென்முனைக்கு அருகில் இருப்பதுதான் சிக்கல். சென்னையில் அது தன் அதிகபட்ச உயரத்துக்கு வரும்போதுகூட அடிவானத்திலிருந்து சுமார் 7 பாகைதான் உயர்கிறது. கன்னியாகுமரியில் சுமார் 12 பாகை. அடிவானத்தில் ஈரப்பதமும் புழுதியும் மிகுந்திருக்கும் என்பதால் இந்த 5 பாகை வேறுபாடு பெரிது. ஜனவரி நடுவில் அமாவாசையை ஒட்டி, தெற்கே கடல் திறந்திருக்கும் கரையில், இரவு பத்து மணியளவில் முதலில் வெறுங்கண்ணால் தேடுங்கள். மங்கலான நீள்திட்டு ஒன்று பிடிபட்டால் 25 மி.மீ. ஐபீஸை அதன்மேல் திருப்புங்கள். பட்டை மேகத்தின் மையத்திலிருந்து சற்று விலகியிருக்கும். அதைத் தவறென்று எண்ண வேண்டாம், அதன் அமைப்பே அதுதான்.