யாளிக்கு எந்த டைப் கொடுப்பது?

கேள்வி: செங்கோட்டையில் நண்பர்கள் சேர்ந்து ஒரு கார்டு கேம் உருவாக்கி வருகிறோம். தீ, நீர், மண், காற்று, மின்னல், பனி என ஆறு டைப். லெஜண்டரி (அரிய, மிக வலிமையான உயிர்) கார்டுகள் மூன்று: யாளி (தீ, காற்று), அன்னம் (நீர், காற்று), மகரம் (நீர், மண்). ஆடிப் பார்த்தால் யாளி ஒரே அடியில் விழுகிறது, மகரத்தை யாராலும் அசைக்க முடியவில்லை. எந்த டைப் தாக்குதல் எந்த டைப்பை எத்தனை மடங்கு அடிக்கும் என்ற அட்டவணையை இணைத்திருக்கிறோம். எங்கே பிசகு?

பதில்: உருவத்தைப் பார்த்து டைப் கொடுத்திருக்கிறீர்கள். லெஜண்டரி உயிருக்கு முதலில் முடிவு செய்ய வேண்டியது, அதை எவை வீழ்த்தலாம் என்பதுதான். உருவத்துக்குப் பொருந்துகிறதா என்பதை அதன் பிறகு பாருங்கள்.

உங்கள் அட்டவணையில் மண் தாக்குதல் தீயையும் 2 மடங்கு அடிக்கிறது, காற்றையும் 2 மடங்கு அடிக்கிறது. இரண்டு டைப் சேரும்போது இந்த எண்களைப் பெருக்க வேண்டும். யாளிக்கு விழுவது 4 மடங்கு. 30 புள்ளி உள்ள சாதாரண மண் கார்டு ஒன்றே 120 புள்ளி உயிரையும் தீர்த்துவிடும். உயிரை 160 ஆக உயர்த்தினாலும் இரண்டாவது அடியில் கதை முடிந்துவிடும். போகிமான் வீடியோ கேமில் ஆர்டிகுனோ (பனி, பறத்தல்), மோல்ட்ரெஸ் (தீ, பறத்தல்) என்ற இரண்டு லெஜண்டரி உயிர்களுக்கும் பாறைத் தாக்குதல் 4 மடங்கு விழுவது இதே கணக்கால்தான்.

மகரத்தில் இதற்கு நேர்மாறான பிழை. மின்னல் நீரை 2 மடங்கு அடித்தாலும் மண்ணிடம் 0 என்பதால் பெருக்கினால் 0. பனி மண்ணுக்கு 2, நீருக்கு அரை, பெருக்கினால் 1. நீர்த் தாக்குதலும் அப்படியே 1 ஆகிறது. மற்ற மூன்றும் 1-ஐத் தாண்டவில்லை. இதை அலட்சியமாக விடாதீர்கள். 1996-ல் வந்த முதல் போகிமான் விளையாட்டுகளில் சைக்கிக் (மனோசக்தி) டைப்பின் ஆதிக்கம் இப்படித்தான் வந்தது. அதை அடிக்கக்கூடிய பூச்சி டைப்பில் வலுவான தாக்குதலே இல்லை. பேய்த் தாக்குதலோ அதன்மேல் படவே இல்லை. 1999-ல் இருள், எஃகு என இரண்டு புது டைப்களைச் சேர்த்துத்தான் அதை அடக்கினார்கள்.

அன்னத்திலும் ஒரு பொறி இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை: மின்னல் நீரையும் காற்றையும் 2 மடங்கு அடிப்பதால் அதற்கும் 4.

இவற்றைக் கண்ணால் தேட வேண்டாம். கூகுள் ஷீட்டில் தனி டைப்புக்கு 6 வரி, ஜோடிகளுக்கு 15 வரி, ஆக 21 வரி போடுங்கள். தாக்கும் டைப்புக்கு 6 பத்திகள். ஜோடி வரியில் இரண்டு எண்களையும் பெருக்கும் ஃபார்முலா. 4 வரும் கட்டத்துக்குச் சிவப்பு. 2 அல்லது 4 ஒன்றுகூட இல்லாத வரி முழுவதுக்கும் மஞ்சள். லெஜண்டரி எதுவும் இந்த இரண்டு நிறத்திலும் விழக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடத்தில் 2 இருந்தால் நல்ல அமைப்பு என்பேன்.

இனி திருத்தம். யாளியைத் தனி மண் ஆக்குங்கள். கோயில் தூணில் கல்லாய் நிற்கும் உருவம், பொருத்தமும் குறையாது. நீரும் பனியும் 2 மடங்கு அடிக்கும், மின்னல் படாது. நெருப்பு வேண்டுமென்றால் தாக்குதல் கார்டில் மட்டும் தீ டைப் கொடுங்கள். உடலின் டைப்பும் தாக்குதலின் டைப்பும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஓர் உயிர் தன் சொந்த டைப்பில் தாக்கினால் 1.5 மடங்கு என்ற விதி வைத்திருந்தால், 20 புள்ளி மண் தாக்குதலுக்கு ஈடாகத் தீ கார்டில் 30 என்று அச்சிட வேண்டும். மகரத்துக்கு நீர் மட்டும் போதும். சேற்றை வாரி அடிக்கும் கார்டு மண் டைப்பாக இருக்கட்டும்.

அன்னத்தின் ஜோடியை மாற்றாதீர்கள். ஆரியங்காவுக் கணவாய்க் காற்றோடு சாரல் வந்து விழும் ஊரில் நீரும் காற்றும் ஒரே உயிரில் சேர்வதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அட்டவணையில் மின்னல்-காற்று கட்டத்தை மட்டும் 2-லிருந்து 1 ஆக்குங்கள். அப்போது மின்னலும் மண்ணும் அன்னத்தை 2 மடங்கு அடிக்கும், பனி 1-இல் நிற்கும். ஆனால் இந்த மாற்றம் காற்று டைப் கார்டுகள் அத்தனையையும் தொடும். அச்சுக்குக் கொடுக்கும் முன்பே செய்து, அவற்றை மறுபடி ஆடிப் பாருங்கள்.

யாளிக்குத் தீ இருந்தே ஆக வேண்டும் என்று நண்பர்கள் பிடிவாதம் பிடித்தால் மண், தீ கொடுக்கலாம், ஆனால் நீர் 4 மடங்கு விழும். 2014-ல் வந்த போகிமான் ஒமேகா ரூபியில் ப்ரைமல் க்ரவுடான் என்ற லெஜண்டரி உயிருக்கும் இதே ஜோடி, இதே பலவீனம். அது கொண்டுவரும் கடும் வெயில் இருக்கும்வரை நீர்த் தாக்குதல் பலிக்காது என்று அதற்கு ஒரு தனித்திறன் கொடுத்தார்கள். நீங்கள் அப்படிச் செய்தால் அந்தத் திறன் எத்தனை சுற்று நிற்கும், எந்தக் கார்டு அதைக் கலைக்கும் என்பதையும் யாளி கார்டிலேயே எழுதிவிடுங்கள்.