தாய்லாந்தில் 6 நாள் கூடுதல் தங்கல்: சடாவ் எல்லையில் அபராதம்

கடவுச்சீட்டு முத்திரையில் 10ஆம் தேதி வரைதான் தாய்லாந்தில் தங்க அனுமதி, 16ஆம் தேதி தென் தாய்லாந்தின் ஹட்யாய் நகரிலிருந்து சடாவ் எல்லை வழியாக வேனில் மலேசியா போகிறேன், எல்லையில் பிடித்து வைப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம். நீங்களே எல்லைக்குப் போய்ச் சொன்னால் அபராதத்தோடு முடியும்.

கணக்கு: நாளுக்கு 500 பாட். 11 முதல் 16 வரை 6 நாள், 3,000 பாட். (உச்சவரம்பு 20,000, 40 நாளில் அதைத் தொட்டுவிடும்.) தாய்லாந்துப் பணமான பாட் ஆகவே, ரொக்கமாகக் கொண்டுபோங்கள், ஹட்யாயிலேயே எடுத்துவிடுங்கள்.

விசா ஒட்டியில் உள்ள தேதியைப் பார்த்து எண்ணாதீர்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். நுழைந்தபோது குத்திய முத்திரையில் எந்தத் தேதி வரை இருக்கலாம் என்று இருக்கும், அதுதான் கணக்கு.

உண்மையான ஆபத்து எல்லையில் இல்லை, வழியில்தான். சோதனைச் சாவடியில் போலீஸ் பிடித்தால் அது கைது. தடுப்புக்காவலோடு, ஓராண்டுக்குள்ளான கூடுதல் தங்கலுக்கே 5 ஆண்டு நுழைவுத் தடை. தானாக வெளியேறுபவருக்கு 90 நாளைத் தாண்டினால்தான் தடை, அதுவும் ஓராண்டுத் தடையிலிருந்து தொடங்கும். அதனால் இன்னும் இரண்டு நாள் சுற்றிப் பார்க்கலாம் என்று நினைக்காமல் நேராகப் போங்கள்.

கவுண்டரில் கடவுச்சீட்டைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். தனி மேசைக்கு அனுப்பி, படிவத்தில் கையெழுத்து வாங்கி, பணத்துக்கு ரசீது தருவார்கள். அதற்குள் வேன் கிளம்பிவிடக்கூடும். ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், பையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.